மொட்டை மாடியில் கண்வலிக்கிழங்கு: நிலத்துக்கு முன் தொட்டியில் பழகுங்கள்

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பென்னாகரம், அரூர் பக்கம் வேலியோரமாக நடந்து செல்பவர்கள் ஒரு கொடியைக் கண்டிருப்பார்கள். முள்வேலியைப் பற்றிக்கொண்டு ஏறி, உச்சியில் விளக்குச் சுடர் போலப் பூத்திருக்கும். விரியும்போது பச்சை கலந்த மஞ்சள், போகப் போக நல்ல சிவப்பு. ஆறு இதழ்களும் அலையலையாக நெளிந்து மேல்நோக்கி மடங்கியிருக்கும். இலக்கியத்தில் இதற்குக் காந்தள் என்று பெயர். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் வரிசைப்படுத்தும் பூக்களில் முதலாவதாக நிற்பது இதுதான். நம் மாநிலத்தின் மலரும் இதுதான்.

ஊர்ப்புறத்தில் கண்வலிக்கிழங்கு, கலப்பைக்கிழங்கு, கார்த்திகைக்கிழங்கு என்று பல பெயர்கள். கிழங்கு கலப்பை போல வளைந்திருப்பதால் கலப்பைக்கிழங்கு. கார்த்திகையில் பூப்பதால் கார்த்திகைக்கிழங்கு. பூவை உற்றுப் பார்த்தால் கண்வலி வரும் என்ற நம்பிக்கையால் கண்வலிக்கிழங்கு. பார்ப்பதால் கண்வலி வராது. ஆனால் கிழங்கையோ விதையையோ தின்றால் உயிருக்கே ஆபத்து. இதனை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

இக்கிழங்கிலும் விதையிலும் கால்சிசின் என்ற மருந்துப்பொருள் உள்ளது. கிழங்கைவிட விதையில் கூடுதல். கவுட் என்னும் மூட்டு நோய்க்கு இது மருந்தாகிறது. பயிர் இனவிருத்தி ஆராய்ச்சியில் செடிகளின் குரோமோசோம் எண்ணிக்கையை இரட்டிப்பாக்க 1937ஆம் ஆண்டு முதல் இதனைப் பயன்படுத்தி வருகிறார்கள். ஆகவே விதைக்கு ஏற்றுமதிச் சந்தை உண்டு. மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம், அரவக்குறிச்சி, வேதாரண்யம் பகுதிகளில் விவசாயிகள் இதனைத் தனிப்பயிராகவே சாகுபடி செய்கிறார்கள். அந்தச் செய்தி நம் மாவட்டத்துக்கும் எட்டியிருக்கிறது. "நாங்களும் ஒரு அரை ஏக்கர் போட்டுப் பார்க்கலாமா?" என்று பயிற்சிக்கு வரும் சிறு விவசாயிகள் கேட்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்லும் பதில்: முதல் ஆண்டு நிலத்தில் வேண்டாம், மொட்டை மாடியில் பத்துத் தொட்டியில் வையுங்கள்.

முதலில் கணக்கைப் பாருங்கள்

இப்பயிருக்கு வரிசைக்கு வரிசை 60 செ.மீ., செடிக்குச் செடி 45 செ.மீ. இடைவெளி விடுவது வழக்கம். அப்படியானால் ஏக்கருக்கு ஏறத்தாழ 15 ஆயிரம் கிழங்குகள் தேவை. நடவுக்கு ஏற்ற கிழங்கு 50 கிராமாவது இருக்கவேண்டும். ஆக 750 கிலோ. கிலோ 200 ரூபாய் என்று குறைத்துக் கணக்கிட்டாலும் கிழங்குக்கு மட்டும் ஒன்றரை லட்சம் ரூபாய் ஆகிறது. கொடி ஏறுவதற்கான பந்தல் செலவு தனி. எக்டருக்கு 200 முதல் 250 கிலோ வரை, அதாவது ஏக்கருக்கு 80 முதல் 100 கிலோ வரை உலர்ந்த விதை கிடைக்கக்கூடும். ஆனால் விதையின் விலை நிலையானதன்று. வாங்குகிற வியாபாரிகள் சிலரே. ஓராண்டு ஏறும், மறு ஆண்டு பாதிக்கும் கீழே இறங்கும். கடன் வாங்கிக் கிழங்கு வாங்கியவருக்கு இது தாங்காது.

சில ஆண்டுகளுக்கு முன் விவசாயி ஒருவர் 25 சென்டில் இதனை நட்டுவிட்டு என்னை அழைத்தார். நட்டு ஒன்றரை மாதமாகியும் பாதிக்கு மேல் முளைக்கவில்லை. தோண்டிப் பார்த்தேன். கிழங்குகள் கொழுகொழுவென்று, அழுகாமல் இருந்தன. ஆனால் நுனிகள் ஒடிந்திருந்தன. மூட்டையை ஏற்றி இறக்கியதில் வந்த வினை. இக்கிழங்கு ஆங்கில 'வி' எழுத்துப் போல இரு கிளையாக இருக்கும். ஒவ்வொரு கிளையின் நுனியிலும் ஒரே ஒரு முளைக்குருத்துதான் உண்டு. உருளைக்கிழங்கைப் போலப் பல கண்கள் கிடையா. நுனி ஒடிந்தால் அந்தக் கிளை முளைப்பது அரிது. இந்தப் பாடத்தை அவர் ஏறக்குறைய 190 கிலோ கிழங்கு வாங்கிக் கற்றுக்கொண்டார். அரைக் கிலோ கிழங்கில் கற்றிருக்கவேண்டிய பாடம் அது.

குளிர்நாட்டார் செய்வது

ஐரோப்பாவில் ஹெல்லெபோர் என்று ஒரு செடி உண்டு. மற்றச் செடிகள் உறங்குகிற பனிக்காலத்தில் அது பூக்கும். வெள்ளைப் பூ வகையைக் கிறிஸ்துமஸ் ரோஜா என்கிறார்கள். வீட்டு மாடியிலும் முகப்பிலும் ஆழமான தொட்டியில், நீர் நன்றாக வடியும்படி வைத்து வளர்க்கிறார்கள். அதுவும் நச்சுச்செடியே, குழந்தைகளுக்கும் வளர்ப்புப் பிராணிகளுக்கும் எட்டாதபடி வைப்பார்கள். அந்தச் செடி நம் மாவட்டத்து வெயிலுக்கு ஒத்துவராது. விளம்பரத்தைப் பார்த்து அதனை வாங்கிப் பணத்தை வீணாக்கவேண்டாம். அந்த வளர்ப்பு முறையை மட்டும் எடுத்துக்கொள்வோம். குளிர் தொடங்கும் பருவத்தில் பூக்கிற, நஞ்சுள்ள, தொட்டிக்கு ஏற்ற செடி நம் வேலியிலேயே இருக்கிறது.

தொட்டியும் மண்ணும்

குறைந்தது ஒரு அடி அகலமும் ஒரு அடி ஆழமும் உள்ள மண் தொட்டி நல்லது. பழைய சிமெண்ட் சாக்கை மடித்தும் பயன்படுத்தலாம். அடியில் மூன்று நான்கு துளைகள் கட்டாயம் வேண்டும். துளைகளின் மேல் ஓட்டுச் சில்லுகளைக் கவிழ்த்து வைத்து, இரண்டு விரற்கடை உயரத்துக்குச் சிறு ஜல்லியைப் பரப்புங்கள்.

செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, நன்கு மக்கிய தொழு உரம் ஒரு பங்கு கலந்து நிரப்பவேண்டும். தொட்டிக்கு ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கும், ஒரு தேக்கரண்டி டிரைக்கோடெர்மா விரிடி என்ற உயிர்ப் பூசணக்கொல்லியும் தொழு உரத்துடன் சேர்த்தால் கிழங்கு அழுகல் குறையும். நம் மாவட்டத்துச் செம்மண் இதற்கு மிகவும் ஏற்றது. களிமண்ணை எடுக்காதீர்கள். மேல்விளிம்பில் ஒன்றரை அங்குலம் காலியாக விட்டால்தான் தண்ணீர் ஊற்ற வசதி.

காரைத் தளத்தில் தொட்டியை நேராக வைத்தால் தளத்தின் சூடு ஏறும், அடித்துளையும் அடைபடும். மூன்று செங்கல்லின் மேல் வையுங்கள். காலை வெயில் விழும் கிழக்குப் பக்கமோ, பிற்பகலில் சற்று நிழல் விழும் மூலையோ சிறந்தது.

நடவு

ஆனி, ஆடி மாதங்களே நடவுக்குப் பருவம். கிழங்குகளை நம்பிக்கையானவரிடம், கூடையில் மணல் பரப்பி எடுத்து வாருங்கள். காப்புக்காட்டில் தோண்டி எடுப்பது சட்டப்படி குற்றம்; காட்டில் இச்செடி அருகி வருவதற்கும் அதுவே காரணம். ஒவ்வொரு கிழங்காகக் கையில் எடுத்து நுனி முழுமையாக இருக்கிறதா என்று பாருங்கள். கையுறை போட்டுக்கொண்டு தொடுவது நல்லது. இல்லையேல் பாலிதீன் பையையாவது கையில் மாட்டிக்கொள்ளுங்கள்.

தொட்டிக்கு ஒரு கிழங்கு போதும். படுக்கை வாட்டில் வைத்து, நுனியை ஒடிக்காமல், மேலே 5 செ.மீ. மண் இருக்கும்படி மூடவேண்டும். நட்டவுடன் ஒரு தண்ணீர். பிறகு முளை வரும் வரை மண் லேசான ஈரமாக இருந்தால் போதும். இரண்டு மூன்று வாரங்களில் குருத்து வெளிவரும். அவசரப்பட்டுக் கிளறிப் பார்த்தால் குருத்து ஒடியும். இந்தச் செடிக்குக் கிளறிப் பார்ப்பவன்தான் முதல் எதிரி.

விதை மூலமும் செடி வளரும். ஆனால் விதை முளைத்துப் பூக்கும் நிலைக்கு வர மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும் என்பதால் அது நமக்குப் பயன்படாது.

பந்தல்

இச்செடியின் இலை நுனியே பற்றுக்கம்பி போலச் சுருண்டு எதையும் பிடித்து ஏறும். பற்றுவதற்கு மெல்லிய பொருள்தான் வேண்டும்; பருமனான கம்பத்தை அது பிடிக்காது. கரம்பிலும் மலையடிவாரத்திலும் கிடைக்கும் விராலி மிலாறுகளை வெட்டிவந்து தொட்டியில் நான்கைந்து ஊன்றினால் போதும். மூங்கில் சிம்புகளில் கட்டுக்கம்பியைச் சுற்றியும் விடலாம். ஐந்தடி உயரம் போதுமானது. மாடியில் காற்று அதிகம்; பந்தலைக் கைப்பிடிச் சுவருடன் சேர்த்துக் கட்டிவிடுங்கள். தண்டு ஒடிந்தால் அந்த ஆண்டு பூ இல்லை.

தண்ணீரும் உரமும்

தண்ணீர் விடுவதற்கு நாள்கணக்கு வேண்டாம். விரலை ஓர் அங்குலம் மண்ணில் விட்டுப் பாருங்கள். ஈரம் ஒட்டினால் விடவேண்டாம், ஒட்டாவிட்டால் விடுங்கள். பூக்கும் சமயத்தில் மட்டும் காய விடக்கூடாது. புரட்டாசி, ஐப்பசியில் அடைமழை பிடித்தால் தொட்டிகளைச் சற்றுச் சாய்த்து வையுங்கள். தொட்டியில் இச்செடி சாவது பெரும்பாலும் தாகத்தால் அன்று, தண்ணீர் தேங்கியே.

செடி ஒன்றுக்கு மொத்தம் 7 கிராம் யூரியா, 8 கிராம் சூப்பர் பாஸ்பேட், 3 கிராம் பொட்டாஷ் போதும். சூப்பரையும் பொட்டாஷையும் நடவின்போதே மண்ணில் கலந்துவிடுங்கள். யூரியாவை மூன்று பங்காக்கி, நடும்போது ஒரு பங்கும், பிறகு ஒரு மாத இடைவெளியில் இரு பங்கும், தண்டை விட்டுத் தள்ளித் தூவி நீர் ஊற்றவேண்டும். கைப்பிடி கணக்கில் அள்ளிப் போட்டால் தொட்டிச் செடி கருகிவிடும்.

பூச்சியும் நோயும்

கருநிறத்தில் சிவப்பு, வெள்ளைப் புள்ளிகளுடன் புழுக்கள் கூட்டமாக வந்து இலைகளைத் தின்னும். மற்ற உயிர்கள் அஞ்சும் இந்த நஞ்சு இப்புழுவுக்கு உணவு! கவனிக்காமல் விட்டால் இரண்டே நாளில் கொடி மொட்டையாகிவிடும். பத்துத் தொட்டிக்கு மருந்து தேவையில்லை. காலையிலும் மாலையிலும் குச்சியால் தட்டி, சோப்புத் தண்ணீரில் போட்டு அழியுங்கள். மிகுந்தால் ஒரு லிட்டர் தண்ணீரில் 30 மி.லி. வேப்ப எண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலுடன் கலந்து தெளிக்கலாம்.

மழைக்காலத்தில் இலையில் பழுப்புப் புள்ளிகள் தோன்றி இலை கருகினால், லிட்டருக்கு 2 கிராம் மான்கோசெப் கலந்து தெளிக்கவும். தண்டின் அடி அழுகி இலைகள் மஞ்சளித்தால் தண்ணீரை நிறுத்தி, லிட்டருக்கு 2.5 கிராம் காப்பர் ஆக்சிகுளோரைடு கலந்து வேர்ப்பாகத்தில் ஊற்றவும். மருந்து தெளிக்கும் நாளில் மாடியில் உணவுப் பொருள் எதுவும் காயக்கூடாது.

கையால் மகரந்தம் சேர்த்தல்

இப்பயிரின் லாப நட்டத்தை முடிவு செய்வது இந்த ஒரு வேலைதான். பூவைக் கூர்ந்து பாருங்கள். மகரந்தப் பைகள் ஆறும் சுற்றிலும் விரிந்து நிற்கும். சூல்தண்டோ அவற்றிலிருந்து விலகி, பக்கவாட்டில் முழங்கை போல வளைந்து நீண்டிருக்கும். ஆகவே மகரந்தம் தானாகச் சூல்முடியில் விழுவது அரிது. வண்ணத்துப்பூச்சி வந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. காய் பிடிக்காமல் பூ வாடிவிடும்.

காலை 8 மணி முதல் 11 மணிக்குள், மெல்லிய வண்ணத் தூரிகையால் ஒரு செடிப் பூவின் மஞ்சள் மகரந்தத்தை எடுத்து, மற்றொரு செடிப் பூவின் மூன்றாகப் பிரிந்த சூல்முடி நுனியில் தடவவேண்டும். பத்துத் தொட்டியில் இதற்கு அரை மணி நேரம்கூட ஆகாது. ஆனால் செய்யும்போதே யோசித்துப் பாருங்கள்: ஏக்கருக்கு 15 ஆயிரம் செடி, செடிக்குப் பல பூக்கள், மூன்று மணி நேரக் காலைப்பொழுது. அதே ஐப்பசியில்தான் மானாவாரிக் கேழ்வரகு அறுவடையும் வருகிறது. வீட்டில் எத்தனை கைகள் இருக்கின்றன? கூலிக்கு ஆள் கிடைக்குமா? தாளில் போட்ட கணக்கு இதைச் சொல்லாது, தொட்டி சொல்லிவிடும்.

அறுவடையும் உறக்கமும்

நட்ட 160 முதல் 180 நாட்களில் காய்கள் முற்றும். பச்சை நிறம் மாறித் தோல் சுருங்கத் தொடங்கும்போது, வெடிப்பதற்கு முன் பறித்து நிழலில் உலர்த்தினால் செவ்வண்ண விதைகளைப் பிரித்தெடுக்கலாம்.

அதன்பின் கொடி காய்ந்துவிடும். செடி செத்துவிட்டது என்று பலர் தொட்டியைக் கொட்டிவிடுகிறார்கள். செடி சாகவில்லை, கிழங்கு உறங்குகிறது. பழைய கிழங்கு சுருங்கி, அதன் இடத்தில் புதிய கிழங்கு உருவாகியிருக்கும். தை மாதத்துக்குப் பிறகு ஒரு சொட்டுத் தண்ணீரும் விடாமல், தொட்டியை நிழலுக்கு மாற்றி, வைகாசி வரை அப்படியே விட்டுவிடுங்கள். ஆனியில் மெதுவாகத் தோண்டிப் புது மண்ணில் மாற்றி நடலாம்.

ஒரு கிழங்கிலிருந்து ஆண்டுக்கு ஒன்றிரண்டு கிழங்குகளே கிடைக்கும். எல்லாம் இரட்டிப்பானாலும் 10 கிழங்கு நான்காம் ஆண்டு முடிவில்தான் 160 ஆகும். அது ஒரு சென்ட் நடவுக்குத்தான் வரும். ஆகவே மாடியில் கிழங்கைப் பெருக்கிப் பணம் பண்ணலாம் என்று யாரும் சொன்னால் நம்பவேண்டாம். மாடித் தொட்டி நமக்குத் தருவது அனுபவம்.

நஞ்சு என்பதை மறவாதீர்

நம் மாவட்டத்தில் மொட்டை மாடி என்பது களமும்தான். கேழ்வரகு, புளி, மிளகாய், வற்றல், வடகம் எல்லாம் அங்கேதான் காய்கின்றன. குழந்தைகள் அங்கேதான் விளையாடுகிறார்கள். ஆகவே கீழ்க்கண்டவற்றைத் தவறாமல் கடைப்பிடிக்கவேண்டும்.

1. உணவுப் பொருள் காயும் மாடியில் இதன் காயையும் விதையையும் உலர்த்தக்கூடாது. அதற்கென்று தனிச் சாக்கு, தனி முறம், தனி இடம். அந்த முறத்தை மீண்டும் அடுக்களைக்குக் கொண்டுபோகாதீர்கள்.

2. காய்கறித் தொட்டிகளுக்கு அருகில் வைக்காதீர்கள். இதன் மண்ணைச் சர்க்கரைவள்ளிக்கோ, சேனைக்கோ மறுபடி பயன்படுத்தவேண்டாம். உண்ணும் கிழங்கென்று தவறாக எண்ணிச் சமைத்து உயிரிழந்தவர்கள் இலங்கையிலும் நம் நாட்டிலும் உண்டு.

3. காய்ந்த கொடியையும் இலையையும் ஆடு மாட்டுக்குப் போடவேண்டாம். குழி தோண்டிப் புதையுங்கள்.

4. தொட்டிகளைச் சுற்றி வலையோ தட்டியோ கட்டுங்கள். குழந்தைகளுக்குச் செடியைக் காட்டி, 'இது விஷம்' என்று ஒருமுறைக்குப் பலமுறை சொல்லுங்கள். மறைத்து வைப்பதைவிட அறியவைப்பது பாதுகாப்பு.

5. கிழங்கையும் விதையையும் பூட்டி வையுங்கள். சாவி பெரியவர் ஒருவரிடமே இருக்கட்டும். வேலை முடிந்ததும் சோப்பால் கை கழுவவேண்டும்.

தவறித் தின்றுவிட்டால் சில மணி நேரத்தில் வாய், தொண்டை எரிச்சலும், கடும் வாந்தியும், வயிற்றுப்போக்கும் தொடங்கும். அறிகுறி வரட்டும் என்று காத்திருக்கவேண்டாம். கைவைத்தியமும் வேண்டாம். 108க்குத் தகவல் சொல்லி உடனே அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். தின்ற கிழங்கு அல்லது செடியின் ஒரு துண்டையும் எடுத்துச் செல்லுங்கள். மருத்துவருக்கு அது பெரிய உதவி. வாந்தி நின்று ஆள் தேறியதுபோலத் தோன்றினாலும் ஆபத்து நீங்கிவிட்டதாகாது. இந்நஞ்சு இரண்டாம், மூன்றாம் நாளில்தான் உள்ளுறுப்புகளைத் தாக்கும். மருத்துவர் போகச் சொல்லும் வரை வீடு திரும்பக்கூடாது.

ஒரு பருவத்துக்குப் பின்

தை மாதம் தொட்டிகள் உறங்கியபின் உட்கார்ந்து நான்கு கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். பத்தில் எத்தனை முளைத்தன? மழைக்குப் பிறகு எத்தனை பிழைத்தன? கையால் தொட்ட பூக்களில் எத்தனை காய்த்தன? வீட்டில் ஒருவருக்கும் ஒரு ஆட்டுக்கும் தீங்கு வராமல் இந்த நஞ்சை நம்மால் காக்க முடிந்ததா? முதல் மூன்றில் குறை இருந்தால் அடுத்த ஆண்டு திருத்திக்கொள்ளலாம். நான்காவதில் சிறு தயக்கம் இருந்தாலும் இந்தப் பயிர் உங்களுக்கு வேண்டாம். விலை எவ்வளவு ஏறினாலும் வேண்டாம். நம் மண்ணில் சாமந்தி இருக்கிறது, குண்டுமல்லி இருக்கிறது.

நான்குக்கும் நல்ல பதில் கிடைத்தவர்கள் அடுத்த ஆடியில் ஐந்து சென்டில் தொடங்கலாம். அதற்கு முன் வாங்குபவர் யார், என்ன விலைக்கு என்பதைப் பேசி முடித்துக்கொள்ளுங்கள். மேலும் விவரம் வேண்டுவோர் பாப்பாரப்பட்டி வேளாண்மை அறிவியல் நிலையத்தையோ, தங்கள் வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்தையோ அணுகலாம். போகும்போது உங்கள் தொட்டிக் கணக்கை எழுதிய தாளையும் கொண்டுபோங்கள். அதைப் பார்த்துச் சொல்லும் யோசனை உங்கள் நிலத்துக்குப் பொருந்தும்.